பொள்ளாச்சி முதல் சாலக்குடி வரை: வால்பாறை, மளுக்கப்பாறை காட்டுச் சாலையில் காரில் போக ஒரு முழு வழிகாட்டி

பொள்ளாச்சியில் இருந்து சாலக்குடிக்குப் போக எளிதான வழி பாலக்காட்டுச் சமவெளி வழியாகப் போவது. மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இன்னொரு வழி ஆழியாறில் மலையேறி, வால்பாறையைக் கடந்து, மளுக்கப்பாறையில் கேரளக் காட்டுக்குள் நுழைந்து, அதிரப்பள்ளி வழியாக இறங்குகிறது. மொத்தம் சுமார் 175 கிலோமீட்டர். இதற்கு இரண்டு நாள் ஒதுக்கச் சொல்கிறேன். ஒரே நாளில் ஓட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வளைவுகளைத் தவிர வேறு எதுவும் நினைவில் இருப்பதில்லை.

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். தோப்புத் தென்னைக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீர் இந்த மலையில் இருந்துதான் வருகிறது. அதனால் இந்தச் சாலை எனக்குச் சுற்றுலா மட்டும் இல்லை. பலமுறை போய்வந்ததில் கண்டது ஒன்று உண்டு: இந்தப் பயணத்தில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மணிக் கணக்குதான் உதவும். வனத்துறைச் சாவடிகள் திறக்கும் நேரம், பனிமூட்டம் இறங்கும் நேரம், யானை சாலைக்கு வரும் நேரம், இருட்டும் நேரம் இவற்றை வைத்துத் திட்டம் போட்டால் மற்றதெல்லாம் சரியாக அமையும்.

எந்த மாதம் போகலாம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும். காலையில் நல்ல குளிர். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் ஏற்ற காலம். ஆனால் அருவிகளில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, செப்டம்பர் கடைசியில் போக வேண்டும். அப்போது காடு முழுக்கக் கழுவிவிட்டது போல இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் வந்து போகும், ஆகவே முதல் நாள் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதிதாக மலை ஓட்டுகிறவர்கள் வர வேண்டாம். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. மண் சரிவதும் மரம் விழுவதும் அந்த மாதங்களில் சாதாரணம். கேரளப் பக்கச் சாலையை முன்னறிவிப்பு இல்லாமல் மூடுவதும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் அதிகம், அருவிகள் மெலிந்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நாளைப் பொறுத்தவரை செவ்வாயோ புதனோ நல்லது. சனி, ஞாயிறு என்றால் வளைவுக்கு வளைவு நின்று வழிவிட்டே பாதி நேரம் போய்விடும்.

கிளம்பும் முன்

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கு வெளியூர் வண்டிகளில் வர இ-பாஸ் கட்டாயம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் எடுப்பது போல அரசின் இணையதளத்தில் வண்டி எண், தேதி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் கொடுத்து எடுத்துவிடலாம். ஆழியாறு பக்கம் ஏறினாலும், மளுக்கப்பாறைப் பக்கத்தில் இருந்து வந்தாலும் சாவடியில் கேட்பார்கள். போனில் வைத்திருப்பதோடு ஒரு தாளிலும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கையில் இருக்கட்டும், இரண்டு மாநிலச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். பேட் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும். பிரேக் ஆயிலையும் பார்த்துவிடுங்கள். அடுத்து டயர். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா, உங்களுக்கே ஸ்டெப்னி மாற்றத் தெரியுமா? மளுக்கப்பாறைக்கும், காடு முடிகிற வாழச்சாலுக்கும் நடுவில் பஞ்சர் கடை கிடையாது. போனில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. காட்டில் இறங்கி நெடுநேரம் நிற்கவும் கூடாது. ஒருமுறை வீட்டு வாசலிலேயே டயரைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள். பனிமூட்ட விளக்கு, வைப்பர், ஹாரன் மூன்றும் வேலை செய்ய வேண்டும்.

பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள். வால்பாறை ஊருக்குள்ளும் பங்க் இருக்கிறது, அங்கே குறைந்த அளவை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு காடு முடியும் வரை எதுவும் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், கேரள வனச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணிக் குறித்துக்கொண்டுதான் விடுவார்கள். வளைவுகளில் தலை சுற்றும் ஆட்கள் இருந்தால் எலுமிச்சம்பழம் ஒன்று, காலி வயிற்றுக்கு இரண்டு இட்லி. காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் கல் உப்பு.

எந்தத் திசையில் போவது

பொள்ளாச்சியில் தொடங்கிச் சாலக்குடியில் முடிப்பதே என் பரிந்துரை. காரணம் எளிது. ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இவற்றை ஏறுவது எஞ்சினுக்கு வேலை, இறங்குவது பிரேக்குக்கு வேலை. எஞ்சின் தாங்கும். கேரளப் பக்கம் இறக்கம் நீளமாகவும் மெதுவாகவும் இருப்பதால் பிரேக் சூடேறும் பயம் குறைவு. தவிர, வறண்ட சமவெளியில் தொடங்கித் தேயிலைத் தோட்டம், மழைக்காடு, ஆறு என்று வரிசையாக மாறிக்கொண்டே போவதைப் பார்க்க இந்தத் திசைதான் அழகு.

முதல் நாள்: பொள்ளாச்சி முதல் வால்பாறை வரை, சுமார் 65 கிலோமீட்டர்

காலை ஆறரை மணிக்குப் பொள்ளாச்சியை விடுங்கள். இருபது சொச்சம் கிலோமீட்டர் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நேர்ச்சாலை. முடிவில் ஆழியாறு அணை. 120 அடி உயரம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஓர் அங்கம் இது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓட வேண்டிய தண்ணீரின் ஒரு பங்கை அணைகளும் சுரங்கக் கால்வாய்களும் வழியாகக் கிழக்கே திருப்புவதுதான் அந்தத் திட்டம். இதற்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970ல் ஒப்பந்தம் போட்டன. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாளைக்கு மேலே சோலையாறு அணையைப் பார்ப்பீர்கள், மாலையில் அதிரப்பள்ளியில் விழும் தண்ணீரைப் பார்ப்பீர்கள். கதையைத் தெரிந்துகொண்டு போனால் மூன்று தண்ணீரும் ஒரே குடும்பம் என்று புரியும்.

அணையைத் தாண்டியதும் வனத்துறைச் சாவடி. அதற்கு மேல் ஆனைமலை புலிகள் காப்பகம். சிறிது தூரத்தில் குரங்கு அருவி, இப்போது கவியருவி என்று பெயர். வெள்ளம் வந்தாலும் அடைப்பார்கள், வறண்டாலும் அடைப்பார்கள். திறந்திருந்தால் குளிக்கலாம், ஆனால் முதல் நாள் நேரத்தை இங்கே கரைக்காமல் மேலே போவதையே நான் விரும்புவேன்.

அப்புறம் வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முதல்முறை மலை ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

வளைவுக்கு வரும் முன்பே மேலே நிமிர்ந்து பாருங்கள். கொண்டை ஊசி வளைவின் வசதியே அதுதான், அடுத்த சாலை உங்கள் தலைக்கு மேலே தெரியும். பஸ்ஸோ தேயிலை லாரியோ இறங்கி வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள். பஸ் திரும்ப முழு வளைவும் வேண்டும். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு முதல் வழி என்பது விதி. ஆனால் வளைவுக்குள் பாதி திரும்பி நிற்கும் பஸ்ஸிடம் விதி பேசி பயனில்லை.

கியரை வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு மாற்றிவிட வேண்டும். ஆட்கள் நிறைந்த சிறிய கார் என்றால் சில வளைவுகளுக்கு முதல் கியரே தேவைப்படும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வளைவுக்குள் கிளட்சை மிதித்தபடி திருப்பாதீர்கள். ஒரு ஹாரன், இடது பக்கத்தை விடாத ஸ்டியரிங், சீரான ஆக்சிலேட்டர். சரிவில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, பிறகு முதல் கியரில் நகர்த்துங்கள்.

இறங்கும்போதும் ஏறிய கியர்தான். எனக்கு மலை ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா, “ஏறுன கியர்லயே எறங்கோணும் கண்ணு” என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்வார். அவர் இல்லாமல் நான் தனியாக வந்த முதல் இறக்கத்தில் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. இன்னும் சற்றுத் தூரத்தில் பிரேக் மிதி பஞ்சு போலக் கீழே போனது. அன்று முன்னால் ஒரு வண்டி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஆட்டோமேட்டிக் கார்களில் கியரை ‘D’யில் விட்டுவிடாமல் ‘L’ அல்லது மேனுவலுக்கு மாற்றி இறங்க வேண்டும்.

ஒன்பதாவது வளைவில் கட்டாயம் நிற்க வேண்டும். லோம்ஸ் காட்சி முனை. இந்தச் சாலைப் பணியை மேற்பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் லோம் பெயரால் அழைக்கப்படுகிறது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கமும் அதைச் சுற்றிய தோப்புகளும் தெரியும். ஆனால் எல்லோரும் கீழேயே பார்க்கிறார்கள். நீங்கள் திரும்பிப் பாறைச் சரிவைப் பாருங்கள். வரையாடுகள் அங்கேதான் மேயும், சில நாள் சாலைச் சுவரின் மீதே வந்து நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில் காரில் இருந்தே பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு. கிட்டே போய்ச் செல்ஃபி எடுக்க வேண்டாம், தின்ன எதுவும் கொடுக்கவும் வேண்டாம்.

அட்டகட்டிக்கு மேலே காற்றே மாறிவிடும். கவர்க்கல் பக்கம் நடுப்பகலிலும் பனிமூட்டம் இறங்கும். அப்போது ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மில் வைத்து, பனிமூட்ட விளக்கைப் போட்டு, இடது வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இந்த மலையில் தோட்டம் போட்டவர்களில் முன்னோடியான கார்வர் மார்ஷின் சிலை சாலையோரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது, காட்டை வெட்டித் தேயிலை நட்ட, பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களையும் நான் நினைத்துக்கொள்வேன். காய்ச்சலிலும் குளிரிலும் இந்த மலையில் உழைத்த அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்கள்.

அய்யர்பாடி, ரொட்டிக்கடை தாண்டி, வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். வேகத்தை இருபதுக்குக் குறையுங்கள். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம் இது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனம். மரத்துக்கு மரம் தாவிப் போக வேண்டியவை, நடுவில் சாலை வந்ததால் தரையில் இறங்கி வண்டிகளில் அடிபட்டன. இங்கே ஆய்வு செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் பழைய தீயணைப்புக் குழாய்களை மரங்களுக்கு நடுவே பாலமாகக் கட்டியிருக்கிறது. தலைக்கு மேலே பார்த்தால் தெரியும். குட்டியை வயிற்றில் அணைத்தபடி ஒரு தாய் அந்தப் பாலத்தில் நடந்ததைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஒரு பிஸ்கட் எறிந்தாலே போதும், அவை பாலத்தை விட்டுச் சாலைக்கு இறங்கப் பழகிவிடும்.

வால்பாறையில் தங்குதல்

சுமார் 3,500 அடி உயரத்தில் சிறிய கடைவீதி, சுற்றிலும் தேயிலை. மதியம் சேர்ந்துவிட்டால், மாலைக்கு ஓர் இடம் போதும். நல்லமுடி பூஞ்சோலைக் காட்சி முனை என் தேர்வு. கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்கலாம், ஆனால் இங்குள்ள ஆறுகளில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். 2023 அக்டோபரில் வால்பாறைக்கு வந்த ஐந்து கல்லூரி மாணவர்கள் இப்படித்தான் ஒரே நாளில் மூழ்கிப் போனார்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

இருட்டிய பிறகு வெளியே வண்டி எடுக்க வேண்டாம். யானை, சிறுத்தை இரண்டும் நடமாடும் ஊர் இது. சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்கலாம். சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் யானை நிற்கிறது என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லும் விளக்கு அது. சிவப்பைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: மளுக்கப்பாறை வழியாகக் காட்டுக்குள்

காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். உருளிக்கல், சோலையாறு அணை வழியாக மளுக்கப்பாறைக்கு 27 கிலோமீட்டர், சாலை குறுகல், ஒரு மணி நேரம் ஆகும். அணைக்கட்டின் பெரிய சுவரைப் பார்க்கும்போது நேற்று சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே தேக்கிய தண்ணீரில் ஒரு பங்கு பரம்பிக்குளம் வழியாக நம் பக்கம் வருகிறது.

மளுக்கப்பாறையில் காலை உணவை முடித்துவிடுங்கள். புட்டும் கடலையும் கிடைக்கும். இதற்கு மேல் கடை இல்லை. கேரள வனச் சாவடியில் வண்டி எண், ஆட்கள், பிளாஸ்டிக் எல்லாம் குறித்து, நேரம் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். மறுமுனையில் வாழச்சால் சாவடியில் அந்தச் சீட்டைப் பார்த்து எவ்வளவு நேரத்தில் வந்தீர்கள் என்று கணக்கிடுவார்கள். வழியில் நிறுத்தி இறங்கவோ சமைக்கவோ கூடாது. இரவில் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. மாலையில் மூடும் நேரம் வண்டியைப் பொறுத்தும் காலத்தைப் பொறுத்தும் மாறும், இருசக்கர வண்டிகளுக்கு இன்னும் கெடுபிடி. காலை ஒன்பதுக்குள் சாவடியைத் தாண்டிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

அடுத்து வருகிற சுமார் 50 கிலோமீட்டருக்காகத்தான் இந்தப் பயணமே. கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை நிறுத்துங்கள், முப்பதுக்கு மேல் போகாதீர்கள். வெயில் தரையைத் தொடாத காடு. மூங்கில், ஈரப் பாறை, சாலை நடுவே பாசி. ஒரு பறவை பறக்கும்போது ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போலச் சத்தம் கேட்டால் அது பெரிய இருவாச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் நான்கு இருவாச்சி இனங்களும் வாழச்சால் காட்டில் இருக்கின்றன. ஒரு காலத்தில் இருவாச்சிக் கூடுகளைத் தேடிப் போன காடர் பழங்குடியினரே இன்று வனத்துறையோடு சேர்ந்து அந்தக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். இந்தக் காட்டில் மனிதர்கள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், இது அவர்களுடைய ஊர். அவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

யானை எதிரே வந்தால்

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நூறு மீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். ஹாரன் கூடாது, விளக்கை அடித்துக் காட்டக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடட்டும். யானை மேய்ந்துகொண்டு, காதை மெதுவாக அசைத்துக்கொண்டு இருந்தால் காத்திருங்கள், அதுவே விலகும். காதை விரித்து நிறுத்தி, வாலைத் தூக்கி உங்களையே பார்த்தால் உடனே மெதுவாகப் பின்னால் எடுங்கள். ஒரு ஓரத்தில் குட்டி, மறு ஓரத்தில் தாய் என்றால் நடுவில் எவ்வளவு இடம் இருந்தாலும் நுழையாதீர்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கும் வண்டிக்கும் கையசைத்துச் சொல்லிவிடுங்கள், பின்வாங்க வழி இருக்க வேண்டும்.

2022 நவம்பரில் இந்தச் சாலையில் கபாலி என்று அழைக்கப்படும் கொம்பன் ஒரு தனியார் பஸ்ஸை எதிர்கொண்டது. ஓட்டுநர் சுமார் எட்டுக் கிலோமீட்டர் தூரம் பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பத்திரம், யானைக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நடந்தது வேறு மாதிரி. மற்றவர்கள் நின்று எச்சரித்தும், ஜெர்மனியைச் சேர்ந்த பயணி ஒருவர் இருசக்கர வண்டியில் யானையைக் கடக்கப் பார்த்து உயிரிழந்தார். காத்திருக்க நேரம் இருக்கிறவருக்கே இந்தச் சாலை பாதுகாப்பு. சீக்கிரம் கிளம்புங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வாழச்சால், அதிரப்பள்ளி, சாலக்குடி

காடு முடியும் இடத்தில் வாழச்சால். ஆறு பாறைகளின் மீது சரிந்து ஓடும். ஐந்து கிலோமீட்டரில் அதிரப்பள்ளி, சுமார் 80 அடி உயரத்தில் இருந்து சாலக்குடி ஆறு முழுதாக விழுகிறது. ஒரே நுழைவுச் சீட்டு இரண்டுக்கும் செல்லும். நடுவே சார்ப்பா அருவி சாலையை ஒட்டியே விழும், மழைக்குப் பிறகு போனால் காரின் மேல் சாரல் தெறிக்கும். அதிரப்பள்ளியில் மேலே நின்று பார்ப்பதோடு விடாமல் அடிவாரம் வரை இறங்குங்கள். பாதை சரிவாக இருக்கும், பெரியவர்களுக்கு மூட்டு வலி இருந்தால் மேலேயே இருக்கட்டும்.

அங்கிருந்து சாலக்குடி சுமார் முப்பது கிலோமீட்டர், நல்ல சாலை, வழியெல்லாம் எண்ணெய்ப்பனையும் ரப்பரும். திரும்பும்போது மறுபடி மலையேற வேண்டாம். களைத்த ஓட்டுநருக்கு மாலை நேரக் காட்டுச் சாலை ஆகாது. திருச்சூர், பாலக்காடு வழியாக நான்கு வழிச்சாலையில் வந்து பொள்ளாச்சியைப் பிடியுங்கள். சாலக்குடியில் டீ குடிக்க நிறுத்தும்போது கால்மிதிகளை எடுத்து உதறிவிடுங்கள், அட்டைகள் பெரும்பாலும் அதன் அடியில்தான் ஒட்டிக்கொண்டு வரும்.